பொய்ச்சான்றும் ஆகாமியமும்

உயிர்கள் நுகரும் துன்பமெல்லாம் பிராரத்த வினையின் பயனே என்பது சைவ சித்தாந்தத் துணிபு. அற்றேல், பொய்ச்சான்று கூட்டி ஒருவனைக் கொல்வித்தவழி, இறந்தவன் தன் வினையையே நுகர்ந்தானாதலின், கொல்வித்தவன் வெறுங் கருவியே. அவனுக்குக் குற்றம் யாண்டையது என வினவுவார் உளர். நூல் வல்லாரும் சிறிது மயங்குதற்கு இடனாகிய வினா இது.

இங்கிலாந்தில் டியூடர் மரபினனாகிய எட்டாம் ஹென்றி, முதல் மனைவியைத் தள்ளி 1533-இல் ஆன் போலினை மணந்தான். அவள்பால் ஆண்மகவு பிறவாமையின் அவன் உள்ளம் ஜேன் சீமோர் என்பாள்மேற் சென்றது. 1536 மே 2-ஆம் நாள் அரசி சிறையிடப்பட்டாள். அவளுடைய உடன்பிறந்தான் உள்ளிட்ட ஐவரோடு அவள் கூடாவொழுக்கம் உடையள் என்பது வழக்கு. குற்றம் நிகழ்ந்தனவாகக் குறித்த நாள்கள் பலவற்றில் அவள் அவ்வவ்விடங்களில் இருந்திலள் என்பது பின்னையோர் ஆராய்ந்து கண்டது. மன்றத்துக்குத் தலைமை தாங்கிக் கொலைத்தீர்ப்புரைத்தவர் அவளுடைய தாய்மாமனாகிய நார்போக் பிரபு! பெண்ணுக்கு அரணாதற்குரிய உறவு அது.

ஐவருள் ஸ்மீட்டன் என்னும் இசைஞன் ஒருவனே குற்றத்தை ஒப்புக்கொண்டான். வதைக்கப்பட்டே அங்ஙனம் கூறினான் என்பாரும் உளர். அதுவாயின், அச்சொல்லின் பழி பெரும்பாலும் வதைத்தவரையே சாரும். அரசனுக்கு அணுக்கனாயிருந்த ஹென்றி நோரிஸ் நிலை வேறு. உண்மை சொன்னால் மன்னிப்பு உண்டென்று அரசனே கூறியும் அவன் எதனையும் ஒப்பவில்லை என்று அவனுடைய பணியாளன் எழுதிவைத்தான். மே 17-இல் ஐவரும் வெட்டுண்டனர்; 19-இல் அரசியும் வாளுக்கு இரையானாள். 30-இல் அரசன் புதுமணம் புரிந்தான்.

நோரிசும் ஸ்மீட்டனும் ஒரே நாளில் ஒரே முறையான் இறந்தனர். பிராரத்தம் என்னுமளவில் இருவர்க்கும் வேற்றுமை காணோம். ஆயின் பிராரத்தம் நுகருங்காலே ஆகாமியம் ஏறும் என்பதை வினாவினார் மறந்தார். வினை சடமாதலின் இறைவனே அதன் பயனைக் கூட்டுவன். அது பிற உயிர் வாயிலாகவும் வரும். அவ்வாயில், தலைமேல் வீழுங் கல்லைப்போல அறிவிலதன்று; இச்சையும் அறிவும் செயலும் உடைய உயிர். அமைச்சன் தாமஸ் கிராம்வெல், இவ்வழக்கைத் தானே சூழ்ந்து அமைத்ததாகப் பேரரசரின் தூதராகிய சப்புய் என்பாரிடம் பின்னர்க் கூறினான். அவன் அரசியின் பழவினையைக் கழிப்பிக்கக் கருதினானா? தன் பதவி நிலைபெறவே கருதினான். அக்கருத்தே அவனுக்குப் புதுவினையாயிற்று. அவள் வினை அவளை வந்தடைய அவன் பொய் வேண்டுவதின்று. ஒரு காய்ச்சலும் போதும்.

கிராம்வெல்லும் 1540 ஜூன் 10-இல் பிடிபட்டு, விசாரணையின்றியே சட்டமன்றத் தீர்மானத்தால் ஜூலை 28-இல் தலையிழந்தான். செய்த வினை கைமேற் பலித்தது என்று இதனைக் காட்டி மகிழ்வார் பலர். எவ்வினை எப்பொழுது பயன்தரும் என்பது இறைவன் ஒருவனே அறிவது. இறப்பைக் கண்டு குற்றத்தைத் துணிவதாயின், ஆன் போலினையும் அவ்வாறே துணியவேண்டும். ஹென்றியின் மன்றம் செய்ததும் அதுவே.