தேரும் டோரியனும்

தேரில் வந்தேன் என்று சொன்ன மிலிந்த மன்னனைப் பௌத்தத் துறவி நாகசேனர் அங்கேயே மடக்கினார். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தால் தேரா? எதற்குமே அரசனால் ஆம் சொல்ல முடியவில்லை. உறுப்புகளைச் சார்ந்து நாம் சூட்டிக்கொண்ட பெயர்தான் தேர் என்று, பாலி நூல் ஒன்றில் வரும் இந்த உரையாடல் முடிகிறது. நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளில் தங்கியிருந்தாலும் அவற்றிலிருந்து வேறான முழுமை ஒன்று உண்டு என்பது அவர்கள் கட்சி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அவயவி.

இந்த வழக்கைப் பியானோ முன் உட்கார்ந்தும் விசாரிக்கலாம்.

ஒரு ஸ்தாயியில் வெள்ளைக் கட்டைகள் ஏழு. டி கட்டையை ஷட்ஜமாக வைத்தால் டோரியன் மோட், அதாவது நம் கரகரப்பிரியா. இ கட்டையை வைத்தால் ஃப்ரிஜியன், நமக்குத் தோடி. ஏ கட்டையை வைத்தால் ஏயோலியன், நமக்கு நடபைரவி. உறுப்புகளில் ஒன்றுகூட மாறவில்லை. தேர் மட்டும் மாறிவிட்டது! சுரங்களை அப்படியே வைத்து ஷட்ஜத்தை மட்டும் மாற்றும் கிரகபேதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல.

ஜாஸில் சோலோ வாசிக்கப் பழகுபவரிடம் ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்வது, கார்டின் சுரங்களில் வந்து நில் என்பதே. மைனர் செவன்த் கார்டு என்றால் ச, க, ப, நி. சேர்த்து அழுத்தினால் கார்டு, ஒவ்வொன்றாக உதிர்த்தால் ஆர்பெஜியோ. நல்ல அறிவுரைதான். ஆனால் ஷட்ஜத்தை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால், சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும் கொண்ட இந்த நான்கு சுரங்கள் மேலே சொன்ன மூன்று மோட்களுக்கும் பொது. எது ஆதாரம் என்று ஆர்பெஜியோ சொல்லிவிடும். எந்த மோட் என்று சொல்லாது. மத்தியமமும் பொதுவாகிவிட, அடையாளம் முழுவதும் கார்டு விட்டுவிட்ட ரிஷபத்திலும் தைவதத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறது. டோரியனில் இரண்டும் சதுச்ருதி. ஏயோலியனில் தைவதம் சுத்தமாக இறங்குகிறது. ஃப்ரிஜியனில் இரண்டுமே சுத்தம்.

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவு செய்த 'ஸோ வாட்' இதற்கு நல்ல சாட்சி. ஒரு சுற்றுக்கு 32 பார்: முதல் 16 டி டோரியன், அடுத்த 8 அரைச் சுரம் மேலே, கடைசி 8 மறுபடி டி. பால் சேம்பர்ஸின் பேஸ் கேட்கும் கேள்விக்கு பில் எவன்ஸின் பியானோ இரண்டே கார்டுகளில் பதில் சொல்கிறது. டியை ச என்று கொண்டால், முதல் கார்டு கீழிருந்து மேலாக ரி, ப, ச, ம, த. இரண்டாவது ச, ம, நி, க, ப. இரண்டும் சேர்ந்தால் ஏழு சுரமும் வந்துவிடுகின்றன. டோரியனைக் காட்டிக்கொடுக்கும் ரியும் தவும் முதல் கார்டில் மட்டுமே. இரண்டாவதை வரிசைப்படுத்தினால் ச க ம ப நி, அதாவது சுத்த தன்யாசியின் சுரங்கள். மூன்று மோட்களுக்கும் பொதுவான மிச்சம் என்று ஒதுக்கப் பார்த்ததே தனி ராகமாக நிற்கிறது.

(அந்தப் பதிவில் சாக்ஸஃபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன், அதே ஆண்டு மே மாதம் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' பதிவு செய்தார். அங்கே கார்டுகள் ஓடுகிற ஓட்டத்தில் மோட் ஊறி வர நேரமில்லை. அவர் பெரும்பாலும் கார்டின் சுரங்களையே பிடித்துக்கொண்டு ஓடுகிறார்.)

ஏழாம் நூற்றாண்டில் பௌத்தத் தத்துவ அறிஞர் சந்திரகீர்த்தி தேர் வழக்கை மறுபடி எடுத்தார். உறுப்புகளின் குவியலும் தேரல்ல, அவற்றின் அமைப்பும் தேரல்ல என்று இரண்டையும் தள்ளினார். குவியலைத் தள்ளியது சரி. ஏழு வெள்ளைக் கட்டைகளே அதற்கு ஆதாரம். அமைப்பைத் தள்ளியதை மட்டும் இசை ஒப்புக்கொள்ளாது. சேம்பர்ஸின் பேஸ் டியை விட்டு ஏயில் போய் ஊன்றினால், அதே ஏழு சுரங்கள் அப்போதே ஏயோலியனாகக் கேட்கும்.