பிள்ளையின் ஹக்கு தாயின் தட்டில்

 

மதீனா நகரில் ஓர் இரவு. வெளியூரிலிருந்து வந்த வணிகக் கூட்டம் ஒன்று தொழுகைத் திடலில் தங்கியிருந்தது. அவர்களுக்குக் காவலாக அமீருல் முஃமினீன் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களும், ஹழ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் கண் விழித்து, இடையிடையே தொழுது கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு பச்சிளங்குழந்தையின் அழுகுரல் கேட்டது. உமர் (ரலி) அவர்கள் எழுந்து சென்று, அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளையை நல்லபடி பார்த்துக்கொள்ளுமாறு தாயிடம் சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் சென்று சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில் மூன்றாம் முறையும் அழுகை கேட்கவே, நீ என்ன தாய் என்று கடிந்து கொண்டார்கள்.

தம்மெதிரே நிற்பவர் கலீஃபா என்பதை அப்பெண் அறியவில்லை. பால்குடியை மறக்கடிக்கப் பார்க்கிறேன், பிள்ளை இணங்க மாட்டேன் என்கிறது என்றாள். ஏன் இந்த அவசரம்? பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை கொடுக்கிறார் என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன!

அன்று பஜ்ருத் தொழுகையில் கலீஃபா ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. அழுகை அவர்களின் குரலை அடைத்துவிட்டது. தொழுகை முடிந்ததும், தம்மால் எத்தனை முஸ்லிம் குழந்தைகள் மாண்டனவோ என்று நொந்து புலம்பினார்கள். பால் மறக்கடிக்க எவரும் அவசரப்பட வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இனி உதவித்தொகை உண்டு என்று பறைசாற்றச் செய்தார்கள். வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் தம்முடைய 'தபகாத்' நூலில் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார்.

சகோதரர்களே! தாயைக் கடிந்த அதே நாவு, உண்மை தெரிந்ததும் தன்னையே கடிந்துகொண்டது. குறை தாயிடம் இல்லை, தம் சட்டத்தில் இருக்கிறது என்று கண்டு அதைத் திருத்தினார்கள். நம் வீடுகளில் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை மெலிந்திருந்தால், "இவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்று தாயின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போகிறோம். அவள் தட்டில் என்ன இருந்தது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

திருமறையின் 'அல்பகரா' அத்தியாயம் 233-ஆம் வசனம், பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று வரையறுக்கிறது. அதே வசனம், அத்தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் மீது கடமையாக்குகிறது. பால் கொடுப்பவள் தாய். அந்தப் பாலுக்குப் பொறுப்பாளி தந்தை! பாலை நிறுத்துவதைக்கூட இருவரும் கலந்து பேசி, மனமொத்துச் செய்யச் சொல்கிறான் அல்லாஹ்.

இன்றைய மருத்துவமும் இதையே வலியுறுத்துகிறது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால். முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடக் கூடாது, அது நோயைத் தடுக்கும் அருமருந்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதன் பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். (பேரீச்சம்பழத்தை மென்று நாவில் தடவும் தஹ்னீக் சுன்னத்தானது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்து என மருத்துவர்கள் எச்சரிப்பதை நினைவில் கொள்க.)

கருவில் தங்கிய நாள் முதல் இரண்டு வயது வரை ஏறத்தாழ 1000 நாட்கள். மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி இந்த நாட்களில்தான் நிகழ்கிறது. முதல் ஆறு மாதத்திற்கு வேண்டிய இரும்புச் சத்தைக் குழந்தை தாயின் வயிற்றிலிருந்தே சேமித்துக்கொண்டு வருகிறது. தாய் இரத்தசோகையோடு இருந்தால் அந்தச் சேமிப்பும் குறைகிறது. அவள் சரியாக உண்ணாவிட்டாலும் பால் பெரும்பாலும் சுரக்கத்தான் செய்யும். தன் உடம்பைக் கரைத்துக் கொடுப்பாள்! ஆயினும் வைட்டமின் ஏ, பி12 போன்ற சில சத்துக்கள் அந்தப் பாலில் குறைந்துவிடுகின்றன.

2019-21 ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 35 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருக்கிறார்கள். இவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

நம் வீட்டு அகீகாவை எண்ணிப் பாருங்கள். ஏழாம் நாள் ஆடு அறுத்து, உற்றார் உறவினரெல்லாம் வயிறார உண்கிறார்கள். பிள்ளையைப் பெற்றவளோ, சில வீடுகளில், பத்தியம் என்ற பெயரில் அறைக்குள் மிளகு ரசமும் வெறுஞ்சோறும் சாப்பிட்டுக் கொண்டிருக்கிறாள்! அகீகா நல்ல சுன்னத்து. அந்த இறைச்சியில் முதல் பங்கு அவளுக்குப் போகட்டும். பாலூட்டுபவள் வழக்கத்தைவிடக் கூடுதலாக உண்ண வேண்டியவள். எல்லோரும் உண்டபின் சட்டியில் ஒட்டியிருப்பதை அவள் வழித்து உண்பது பொறுமையல்ல. அவளுக்கும் பிள்ளைக்கும் நாம் இழைக்கும் அநீதி.

ரமளானிலும் இதே நிலைதான். பாலூட்டும் தாயும் கர்ப்பிணியும் தமக்கோ பிள்ளைக்கோ தீங்கு வருமென அஞ்சினால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடமளிக்கிறது. பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் களாவுடன் ஃபித்யாவும் உண்டு; ஹனஃபி மத்ஹபில் களா மட்டும் போதும். அல்லாஹ் கொடுத்த சலுகையை, "அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ" என்று மாமியாரும் நாத்தனாரும் பறிக்கலாமா?

ஆறு மாதம் நிறைந்ததும் பிள்ளைக்குத் தர வேண்டியவை நம் அடுப்படியிலேயே இருக்கின்றன. குழையக் குழைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், முருங்கைக்கீரை, முட்டை, முள் நீக்கிய மீன், நன்கு வெந்த ஈரலில் சிறிது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்குவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. ஆனால் தேத்தண்ணீரில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்துப் பசியை அடக்கும் பழக்கம் வேண்டாம். வயிறு நிறையும், சத்து சேராது. தேயிலை, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் வளர்ப்பு மகன் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) என்ற சிறுவரைத் தம்முடன் உண்ணவைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் தமக்கு முன்னிருப்பதை எடுக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். நம் சஹனிலும் பிள்ளைக்கு இடமிருக்கட்டும். பெரியவர்களின் வேகத்திற்குச் சின்னக் கை ஈடுகொடுக்காது. வாப்பாவே நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைக்கட்டும். மகனுக்கு முட்டை, மகளுக்குக் குழம்பு என்ற பாகுபாடும் வேண்டாம். இன்றைய மகள்தான் நாளைய தாய். அவள் தட்டில் குறைவது நம் பேரப்பிள்ளையின் இரத்தத்தில் குறையும்.

தம் பொறுப்பிலிருப்போரின் உணவைக் கவனியாது விடுவதைப் பாவமென எச்சரித்த நபியவர்கள், மனைவியின் வாயில் வைக்கும் ஒரு கவளத்திற்கும் நற்கூலி உண்டென ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். செலவில்லாமல் கிடைக்கும் நன்மை! அதை நாம் ஏன் இழக்க வேண்டும்?

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, முதல் கவளத்திற்கு முன் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்ப்போம். பிள்ளைக்காரி சாப்பிட்டாளா என்று கேட்போம். ஒரு குழந்தையின் அழுகை கலீஃபாவின் தொழுகையையே உலுக்கியது. நம் வீட்டு அழுகை நம் உள்ளத்தையாவது அசைக்கட்டும்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளை நோயற்ற உடலும் தெளிந்த அறிவும் உடைய ஸாலிஹான மக்களாக ஆக்குவானாக! அவர்களுடைய ஹக்கைக் குறைவின்றி நிறைவேற்றும் நல்லருளை நமக்குத் தருவானாக! ஆமீன்.