கூலியா, கொடையா?

உணவு விடுதியில் உண்டு முடித்துக் கை கழுவி வந்து அமர்ந்தால், சிறு தட்டில் சோம்போடு கணக்குச் சீட்டு வருகிறது. பணத்தை வைக்கின்றோம். மீதிச் சில்லறை திரும்பி வந்ததும் அதில் பத்தோ இருபதோ தட்டிலேயே விட்டுவிட்டு எழுகின்றோம். பரிமாறியவர் பாராதவர்போல் நின்று, நாம் வாயிலைக் கடக்குமுன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக் கொள்கிறார். நிகழ்ச்சி இவ்வளவுதான். ஆனால் அந்த இருபது ரூபாய்க்கு என்ன பெயர்? நாம் விரும்பிக் கொடுத்த அன்பளிப்பா? அவர் உழைத்து ஈட்டிய கூலியா? அன்பளிப்பு என்றால் அரசாங்கத்திற்கு அதில் வேலையில்லை என்று தோன்றும். கூலி என்றாலோ, மற்றக் கூலிகளுக்குள்ள வரி இதற்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வி எழும்.

இச்சிறு கேள்வி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரிய அரசியலாகிவிட்டது. 2024 ஜூன் மாதம் லாஸ் வேகாஸ் நகரில் தேர்தல் பிரசாரம் செய்த டொனால்ட் டிரம்ப், டிப்ஸ் பணத்திற்கு வரி இராது என்று வாக்களித்தார். ஆகஸ்டில் அதே நகரில், அவரை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸும் அவ்வாறே வாக்களித்தார். வேறெதிலும் ஒத்துப்போகாத இருவர் ஒன்றில் ஒத்துப்போனால் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே கேட்க வேண்டும். 2025 ஜூலை 4-ம் நாள் அது சட்டமாயிற்று. 2025 முதல் 2028 வரையிலான நான்கு ஆண்டுகளுக்கு, வழக்கமாக டிப்ஸ் பெறும் தொழிலில் உள்ளவர்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அவ்வருவாயை வருமான வரிக் கணக்கிலிருந்து கழித்துக் கொள்ளலாம். ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் வருவாயுள்ள தனி நபருக்குச் சலுகை படிப்படியாகக் குறையும். முதுமைக்கால உதவிக்கும் மருத்துவக் காப்புக்கும் ஊதியத்தில் பிடிக்கும் பங்கு மட்டும் முன்போலவே பிடிக்கப்படும்.

சலுகையின் நன்மை தீமைகளை ஆராயுமுன், பொருளின் தன்மையை முதலில் முடிவு செய்வதே நம் கிதாபுகள் காட்டும் முறை. அந்நாட்டு நீதிமன்றங்களும் அதையே முதலில் ஆராய்ந்திருக்கின்றன. லாஸ் வேகாஸில் சூதாட்ட மேசையில் சீட்டுப் போடும் ஊழியர்களுக்கு, ஆட வருவோர் சிலர் காசு கொடுப்பது வழக்கம். இது கூலியன்று, கொடை. ஆகவே வரி கேட்கக் கூடாது என்று ஊழியர்கள் வழக்காடினர். கீழ்க்கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்த்தது. 1976-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அக்காசு ஒழுங்காக வருகிறது, எல்லா ஊழியர்களும் அதைச் சமமாகப் பங்கிட்டுக் கொள்கின்றனர், அன்றாடம் கணிசமாகவும் சேர்கிறது. இவற்றைக் காணும் எந்த ஊழியனும் அதைத் தன் உழைப்பின் ஊதியமாகத்தான் கருதுவான் என்பது அந்நீதிபதிகளின் வாதம். (சூதாட்ட மேசையில் சம்பாதிக்கும் காசின் ஹலால் ஹராம் வேறு விஷயம். அதை வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கு நாம் எடுத்துக் கொள்வது வாதத்தின் அமைப்பை மட்டுமே.)

இதைப் படித்தபோது, ஹதீஸ் வகுப்பில் ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கும் ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. அஸ்து குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பாரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் கொணர்ந்த பொருள்களை இரண்டாகப் பிரித்து, ஒன்று உங்களுக்குரியது, மற்றது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். அண்ணலார் மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. அவர் அதிகாரம் பெற்ற வசூல்காரர். அவருக்கு வந்தது லஞ்சத்தின் வாடையுடையது. உணவு பரிமாறும் ஏழைக்கு அந்தக் குற்றத்தை ஏற்றுவது நம் நோக்கமன்று. அவருக்குக் கிடைக்கும் காசு ஹலாலானது. நாம் எடுத்துக் கொள்வது உரைகல்லை மட்டும். பரிமாறுபவர் தம் தாய் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தால், வழியே போகும் நாம் அவர் மடியில் இருபது ரூபாய் போட்டுவிட்டுப் போவோமா? போடமாட்டோம். எனவே அது அவருக்கு வரவில்லை, அவர் வேலைக்கு வருகிறது.

இதற்கு ஒரு மறுப்புண்டு. பரீரா (ரலி) அவர்களுக்கு ஸதகாவாக வந்த இறைச்சியை, அவருக்கு அது ஸதகா, நமக்கு அது ஹதியா என்று அண்ணலார் ஏற்றுக் கொள்ளவில்லையா? கை மாறினால் பெயரும் மாறும் அல்லவா என்று கேட்கலாம். மாறும், ஐயமில்லை. ஆனால் பரீரா (ரலி) அவர்கள் தமக்குச் சொந்தமாகிவிட்ட பொருளைத் தாமே மனமுவந்து கொடுத்தார்கள். எந்த முதலாளியும் அந்த இறைச்சியைக் கணக்கில் எழுதி யாருடைய சம்பளத்தையும் குறைக்கவில்லை. டிப்ஸ் விஷயத்தில் நடப்பது அதுவே.

அமெரிக்க மத்திய சட்டப்படி ஒரு மணி நேர வேலைக்குக் குறைந்த கூலி 7.25 டாலர், 2009 முதல் அது மாறவில்லை. டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு மட்டும் முதலாளி தம் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். இது 1991 முதல் மாறவில்லை. மீதியை வாடிக்கைக்காரர் தட்டில் விடும் காசு நிரப்பும். நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டுமென்பது விதி. (கலிபோர்னியா முதலிய சில மாநிலங்கள் இந்தக் குறைகூலியை ஒப்புவதில்லை. இரு வேட்பாளரும் வாக்களித்த லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவும் அவற்றுள் ஒன்று.) கொடுப்பவர் கொடை என்று நினைத்துக் கொடுக்கிறார், வாங்குபவர் இனாம் என்று வாங்குகிறார், நடுவில் ஒருவர் மட்டும் அதைக் கூலி என்று தெளிவாக அறிந்திருக்கிறார். அவர் கல்லாவில் அமர்ந்திருப்பவர்!

இனாம் என்று சொன்னோம். நம் ஊரில் இச்சொல்லுக்கே வரியோடு பழைய உறவுண்டு. அரபியில் அருட்கொடையைக் குறிக்கும் இச்சொல், சென்னை மாகாணத்தில் வரி நீக்கியோ குறைத்தோ வழங்கப்பட்ட நிலத்துக்குப் பெயராயிற்று. 1858-ல் ஆங்கில அரசு இனாம் கமிஷன் அமைத்து ஒவ்வொன்றையும் துருவி ஆராய்ந்தது. காஜிமார்க்கும், பள்ளிவாசல் ஊழியர்க்கும், கிராமத் தொழிலாளர்க்கும் விடப்பட்ட ஊழிய இனாம்கள் அவற்றுள் பல. ஊழியம் செய்யும்வரை நிலம். ஊழியம் நின்றால் நிலமும் போம். பெயரளவில் அது கொடை, உண்மையில் கூலி. தட்டில் விழும் காசுக்கு நாம் இன்றும் அதே சொல்லை வழங்குவது தற்செயலானதன்று என்று தோன்றுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் ஓதப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், இஜாரா பாடத்தில் இரண்டு மஸ்அலாக்கள் உண்டு. முதலாவது, ஆட்டை உரிப்பவனுக்கு அதன் தோலையே கூலியாகப் பேசுவது செல்லாது. மாவரைப்பவனுக்கு அந்த மாவிலேயே ஒரு பங்கைக் கூலியாகப் பேசுவதும் செல்லாது. தோல் தடிப்பாயிருக்குமா, கிழிந்து வருமா என்பது உரிக்குமுன் யாருக்குத் தெரியும்? கூலி இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். அது உழைப்பவனின் அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது. இரண்டாவது, சலவைக்காரரிடம் துணியையோ தையற்காரரிடம் சட்டைத் துணியையோ கூலி பேசாமல் கொடுத்தால் கூலி உண்டா? இல்லை என்பதே முதற்சொல். ஆயினும், அத்தொழிலைக் கூலிக்குச் செய்பவர் என்று அறியப்பட்டவராயின் அவருக்குக் கூலி உண்டு என்ற கருத்தையும் இமாமவர்கள் எடுத்துக்காட்டி, அதுவும் நன்றெனக் கருதப்படலாம் என்கிறார்கள். வழக்கம் பேசும்போது வாய் பேச வேண்டியதில்லை என்பது இதன் கருத்து. டிப்ஸை இவ்விரண்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். வழக்கத்தால் அது கூலி. அளவு தெரியாமையால் குறையுள்ள கூலி. மழை நாளில் ஆள் வராவிட்டால் அந்தத் தோல் கிழிந்து போகிறது.

கூலி என்று முடிவானபின் வரியைப் பற்றிப் பேசுவது எளிதாகிறது. ஒரே விடுதியில் முன்னறையில் பரிமாறுபவரும் பின்கட்டில் பாத்திரம் துலக்குபவரும் ஆண்டு முடிவில் ஒரே தொகையை ஈட்டினார்கள் என்று கொள்வோம். முன்னவரின் வருவாயில் பெரும்பங்கு வாடிக்கைக்காரர் கையால் வந்தது. பின்னவரின் வருவாய் முழுவதும் முதலாளி கையால் வந்தது. முன்னவருக்கு வரிச்சலுகை, பின்னவருக்கு இல்லை. என்ன நியாயம் இது? வருவாய் எவ்வளவு என்று பாராமல் எந்தக் கையிலிருந்து வந்தது என்று பார்ப்பது எப்படி நீதியாகும்? ஜகாத் சேமித்த பொருளின் மீது கடமை, வருமான வரி வருவாயின் மீது விதிக்கப்படுவது. இரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் ஜகாத்தின் நிஸாபு காட்டும் நெறி ஒன்று உண்டு. இருநூறு திர்ஹம் வெள்ளியின் மதிப்பை எட்டாதவனிடம் ஜகாத் கேட்பதில்லை. அவன் கொல்லனா, கூடை முடைபவனா என்று விசாரித்து விட்டுவிடுவதுமில்லை. இல்லாதவனுக்கு விலக்கு அவன் இல்லாமைக்காகவே.

அவ்விலக்கு அமெரிக்காவிலும் முன்பே உள்ளதுதான். டிப்ஸ் பெறும் தொழிலாளர்களில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் வருமான வரி கட்டும் அளவுக்கே வருவாய் இல்லாதவர்கள் என்று யேல் பல்கலைக்கழகத்தின் வரவுசெலவு ஆய்வகம் 2024-ல் கணக்கிட்டது. புதிய சட்டம் அவர்களுக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. மிக ஏழையைத் தாண்டிச் சென்று, கொஞ்சம் வசதியாயிருப்பவர் கதவைத் தட்டுகிறது இந்தத் தயாளம்.

நம் நாட்டில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இதை வேறு கோணத்தில் பார்த்தது. கடன் அட்டை வழியாக ஓட்டல் வசூலித்து ஊழியர்களுக்குப் பங்கிடும் டிப்ஸ், முதலாளி தரும் சம்பளமாகாது; எனவே ஓட்டல் அதில் வரிப்பிடித்தம் செய்ய வேண்டியதில்லை; ஊழியர் கையில் அது வேறு வகை வருமானம் என்று தீர்ப்பளித்தது. முதலாளியின் கடமை நீங்கிற்றே தவிர, அது வருமானமே அன்று என்று அந்நீதிமன்றமும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோடிகளை மறைப்பவர் நிம்மதியாக உறங்க, தட்டிலிருந்து எடுத்த நாணயத்தை எண்ணிக் காட்டு என்று ஏழையிடம் கேட்கும் அரசைக் கண்டால் நம் உள்ளமும் கசக்கிறது. 1260-ல் ஐன் ஜாலூத்தில் மங்கோலியரை எதிர்க்குமுன், போர்ச் செலவுக்கு மக்களிடம் பணம் திரட்ட எகிப்தின் ஆட்சியாளர் குதுஸ் விரும்பியபோது, இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், முதலில் கருவூலம் காலியாகட்டும், அமீர்கள் தம் பொன்னணிகளை விற்றுக் குதிரையும் ஆயுதமும் மட்டும் வைத்துக்கொண்டு சாமானியருக்குச் சமமாகட்டும், பிறகு மக்களிடம் வாருங்கள் என்றார்கள். வரியை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சொல் வேண்டியதில்லை. ஆனால் மேலே உள்ளவரிடம் கேட்கத் துணியாத அரசு, கீழே உள்ளவருள் சிலருக்கு மட்டும் சலுகை வீசுவது அச்சொல்லுக்கு இணங்கியதாகாது. பரிமாறுபவரின் துயரம் வரியால் வந்ததன்று. 2.13 டாலரால் வந்தது. வரி நீங்கியதும் அவர் கையில் நாலு காசு கூடும். அதைச் சுட்டிக்காட்டியே முதலாளி இன்னும் சில ஆண்டுகள் கூலியை உயர்த்தாமல் இருப்பார்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல நமக்கு அமெரிக்காவைப் பற்றிய படிப்பு காரணமன்று. நாமும் அந்தத் தட்டிலிருந்து எடுத்து உண்பவர்களே. மத்ரஸாவில் ஓதிக் கொடுத்துப் பள்ளியில் தொழவைப்பவர்க்கு மாதச் சம்பளம் ஒன்று. நிகாஹ், மௌலிது, பெருநாள் முஸாஃபஹா இவற்றில் உள்ளங்கையில் அழுந்தும் உறை மற்றொன்று. முன்பு பணியாற்றிய ஊரின் பழைய மாணவர் ஒருவர், நாம் அவ்வூரை விட்டு வந்து பல்லாண்டுகள் ஆகியும் அறுவடைதோறும் ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறார். அது ஹதியா; தாய் வீட்டில் அமர்ந்திருந்தாலும் தேடி வருவது. நிகாஹ் உறை அப்படிப்பட்டதன்று. நிகாஹ் ஓதாதவருக்கு யாரும் அதைக் கொடுப்பதில்லை.

ஓர் ஊரில் ஜமாஅத் கூட்டத்தில் நமக்கும் மோதினாருக்கும் சேர்த்துச் சம்பள உயர்வு கேட்டு மனு வைத்திருந்தோம். மனு படிக்கப்பட்டதும் நிர்வாகிகளுள் மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஹஸ்ரத்துக்கு என்ன குறை? அல்லாஹ் கை நிறைய ஹதியா கொடுக்கிறானே" என்றார். கெட்டவரல்லர், ஒவ்வொரு பெருநாளிலும் முதல் உறையைத் தருபவர் அவரே. அனைவரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அப்பொழுதே எழுந்து, உறைகளில் வருவது இவ்வளவு, அது ஹதியா அன்று, நீங்கள் கொடாத கூலியின் மீதி என்று சொல்லியிருக்கலாம். அன்பளிப்பின் கணக்கைச் சபையில் சொல்வது அழகன்று என்று மனம் சாக்குச் சொல்லிற்று. உண்மையில், தொகையைச் சொன்னால் அதுவும் குறைந்துவிடுமோ என்ற அச்சமே நம் வாயைக் கட்டியது.

மனு தள்ளிவைக்கப்பட்டது. மோதினாரின் கையில் எந்தப் பெருநாளிலும் யாரும் உறை வைத்து நாம் கண்டதில்லை. நம் ஹதியாவைக் காட்டி அவருடைய உயர்வும் அன்று நின்று போயிற்று. அவர் ஒன்றும் பேசவில்லை. சுவரோரம் அமர்ந்திருந்தவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து, அஸருக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி பாங்கு சொல்லப் போனார்.