நடை குறைந்தால் புண்ணியம் குறையுமா?

'கேதாரநாத் போக ஆசை. கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கி.மீ. ஏற முழங்கால் விடாதே!' - கந்தபுராணம் அரங்கேறிய காஞ்சி குமரகோட்டத்தில் இப்படி ஏங்கும் பெண்மணிகள் உண்டு. அந்தக் குமரனே இமயத்தில், ருத்ரபிரயாகை மாவட்டத்தில், கார்த்திக் சுவாமியாக அருள்கிறார். கனக்சௌரியிலிருந்து சுமார் 3 கி.மீ. காட்டுவழி நடை, கேதாரம் போலக் கூட்டம் நெரிக்காது.

நடை குறைந்தால் புண்ணியமும் குறையுமா? உலகையே சுற்றியவருக்குக் கிடைக்காத கனி, பெற்றோரைச் சுற்றியவருக்குக் கிடைத்ததே! கோபித்துக்கொண்ட முருகன் நம் கதையில் பழநிக்கு வந்தார். அந்த மலை மக்களோ, தம் சதையையும் எலும்பையும் பெற்றோருக்கே அர்ப்பணித்து அங்கே தங்கினார் என்கிறார்கள். எத்தனை காதம் நடந்தார் என்று அந்தக் கதை கணக்குச் சொல்வதில்லை.

ஆனால், கேதாரநாதருக்கென்றே நேர்ந்துகொண்டவர்கள் இதை அதற்கு ஈடாக்கக் கூடாது என்பேன். ஆசை வேறு, வேண்டுதல் வேறு. அவர்கள் டோலியிலாவது கேதாரம் போகட்டும். மற்றவர்கள் மழை மாதங்களைத் தவிர்த்து, ஒரு சின்ன மணியோடு புறப்படலாம். கார்த்திக் சுவாமிக்கு மணி கட்டுவது அங்கே வழக்கம்.