எண்கண் முருகன் அனுப்பிய கை

ஓம் சரவணபவ! 

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. நம்ம அப்பன் குடியிருக்கிற மலையின் பெயரையே சுமந்தவர். அவருக்கான வீர் சக்ரா விருதை 2021 நவம்பரில் டெல்லியில் வாங்கியவர் அவருடைய மனைவி.

இப்படி ஒரு படம் வந்தால் "பெருமையா இருக்கு"ன்னு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். நல்லதுதான். ஆனா எந்த வீரர் வீட்டிலும் கூட்டம் கலைந்தபிறகு ஒரு ராத்திரி வரும். அந்த ராத்திரிக்குப் பெருமை மட்டும் போதாது.

எங்க கூத்தாநல்லூரிலிருந்து எண்கண் ரொம்ப தூரமில்லை. அங்கே மயில்மேல் ஆறுமுகன். அந்தச் சிலையைச் செய்த சிற்பிக்கு ஏற்கனவே கட்டைவிரலும் போச்சு, கண்ணும் போச்சு என்கிறது தலவரலாறு. ஒரு சின்னப் பெண் துணை நிற்க, தடவித் தடவியே செதுக்கினார். உளி அவள் கையில் பட்டு, தெறித்த ரத்தம் கண்ணில் விழுந்ததும் பார்வை திரும்பியதாம்.

முருகன் நினைத்திருந்தால் முதல் நாளே பார்வை கொடுத்திருக்கலாம். ஆனா முதலில் அனுப்பியது பக்கத்தில் ஒரு கையை. துணையை இழந்தவருக்கு உலகமே இருட்டு. "அழாதே" என்ற புத்திமதி அங்கே உதவாது. ஒரு கைதான் உதவும். கை கொடுக்கிறவருக்கும் வலிக்கும், அதுவும் அந்தக் கதையிலேயே இருக்கு.

உங்க தெருவில் அப்படி ஓர் அக்கா இருந்தால், பென்ஷனுக்கு வருஷா வருஷம் ஸ்பர்ஷ் தளத்தில் லைஃப் சர்டிபிகேட் போட்டுக் கொடுங்க. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் துணைக்குப் போங்க. அவர் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றாதீங்க.

சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் திருக்கல்யாணம். அன்றைக்கு அவரைத் தூணுக்குப் பின்னால் ஒதுக்காதீங்க. தேவசேனாபதியின் சன்னதியில் ஒரு சிப்பாயின் மனைவிக்கு முன்வரிசை இல்லாமல் வேறு யாருக்கு?

இதைப் படிக்கிற நீங்களே அந்த அக்காவா? அழுங்கம்மா. கோபம் வந்தால் அவனிடமே கேளுங்க. கோபித்துக்கொண்டு பழனிமலையில் போய் நின்றவன் அவன். உங்க கோபம் அவனுக்குப் புரியும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!