நடந்த கதையின் கடன்

விளக்கு அணைந்து, தணிக்கைச் சான்றிதழ் வந்து போனதும், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது'. அதைப் பார்த்ததும் அரங்கில் ஏதோ நடக்கிறது. பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்தவரின் கை ஒரு நொடி நிற்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் செல்போனை மடியில் கவிழ்த்து வைக்கிறார். இனி விழப்போகும் அடி யாரோ ஒருவரின் முதுகில் நிஜமாகவே விழுந்த அடி, இனி கேட்கப்போகும் அழுகை ஏதோ ஒரு வீட்டில் நிஜமாகவே எழுந்த அழுகை என்று எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பல படங்களில் அந்த வரிக்கு முன்போ பின்போ இன்னொரு அட்டையும் வரும். இதில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையே, எவரையும் குறிப்பன அல்ல என்று பொடி எழுத்தில், படித்து முடிப்பதற்குள் ஓடிவிடும் வேகத்தில். முதல் அட்டை டிக்கெட் விற்பதற்கு, இரண்டாவது வக்கீல் நோட்டீஸைத் தடுப்பதற்கு. நடந்த கதை என்பதால் வரும் மரியாதை வேண்டும். நடந்த கதை என்பதால் வரும் பொறுப்பு வேண்டாம்.

நான்கு நாள் விடுமுறை வந்தால் 'உண்மைக் கதைப் படங்களில் பார்க்கத் தகுந்தவை எவை' என்று பட்டியல் கேட்பதும் கொடுப்பதும் இப்போது வழக்கம். அந்தப் பட்டியல்களில் நடிப்புக்கு மதிப்பெண் உண்டு, ஒளிப்பதிவுக்கு உண்டு, கடைசி இருபது நிமிடம் எத்தனை கர்ச்சீப் நனைந்தது என்பதற்கும் உண்டு. யாருடைய வாழ்க்கையை எடுத்துக் கதையாக்கினார்களோ அவருக்கு அந்தப் படம் என்ன செய்தது என்ற கணக்கு மட்டும் எதிலும் இருப்பதில்லை. 'தகுந்தது' என்ற சொல்லைக் கொஞ்சமாவது மதிப்பவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பொய் சொல்வதே குற்றம் என்று எடுத்துக்கொண்டால் விடை எளிதாகிவிடும். ஆனால் கோயன் சகோதரர்களின் 'ஃபார்கோ' (1996), இது 1987இல் மினசோட்டாவில் நடந்த உண்மைக் கதை என்று சத்தியம் செய்யாத குறையாகத் தொடங்குகிறது. அப்படியொரு கதை அங்கே நடக்கவில்லை. அதனால் யாருக்கும் நட்டமும் இல்லை. ஏமாந்தவர் பார்வையாளர் ஒருவர்தான். விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். வாழ்ந்த மனிதர் ஒருவரின் மீது ஏற்றப்படும் பொய்தான் வேறு கதை. அதிலும்கூட, பதினொரு வருடத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்குகிறவர் மூன்று பேரை ஒருவராக்காமல், யாரும் ஒட்டுக்கேட்காத பேச்சை எழுதாமல் படம் எடுக்க முடியாது. அது தொழில். தையல்காரர் துணியை வெட்டுவதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை.

சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கிவிட்டால் போதும் என்பார்கள் சிலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காவல் நிலையத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதைப் படமாக்க வேண்டுமென்றால், அந்த நிலையத்தில் போய் யாரிடம் அனுமதி கேட்பது? ஃபேஸ்புக் நிறுவனரின் சம்மதத்துக்குக் காத்திருந்தால் 'தி சோஷியல் நெட்வொர்க்' (2010) வந்திருக்காது. காதலி விட்டுப்போன கோபத்தில் தொடங்கியதுதான் எல்லாம் என்று அந்தப் படம் சொல்கிறது. மார்க் சக்கர்பெர்க்கோ மேடையில், என் சட்டைகளை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டார்கள் என்கிற பொருளில் கேலியாகப் பேசிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் பேசினால் உலகம் கேட்கும். அவரைக் கொஞ்சம் கோணலாக வரைந்தாலும் கோட்டை நிமிர்த்திக்கொள்ள அவரிடம் பேனா இருக்கிறது.

பேனா இல்லாதவர்கள் விஷயத்துக்கு வருவோம்.

சேகர் கபூரின் 'பண்டிட் குவீன்' 1994இல் வந்தது. 'இது உண்மைக் கதை' என்ற அட்டையோடுதான் தொடங்கும். கதைக்கு உரியவரான, கொள்ளைக் கூட்டத் தலைவியாக இருந்த பூலன் தேவி 1983இல் சரணடைந்து, பதினொரு வருடம் சிறையில் இருந்து, படம் வெளியான அதே ஆண்டில்தான் விடுதலையானார். எழுதப் படிக்கத் தெரியாதவர். சிறையிலிருந்து அவர் வாய்மொழியாகச் சொல்லி, பிறர் எழுதித் தந்த குறிப்புகளையும் கொண்டு மாலா சென் ஒரு புத்தகம் எழுதினார்; படத்துக்கு மூலம் அது. தன்னைப் பலர் சேர்ந்து சிதைத்ததைப் பற்றிப் பேச வேண்டி வந்தபோதெல்லாம் பூலன் அதை நேராகச் சொல்லவில்லை. சுற்றி வளைத்து, வேறொரு சொல்லால் மூடித்தான் சொன்னார். கிராமத்தில் பிறந்த ஒரு பெண் தன் மானத்துக்குத் தானே போட்டுக்கொண்ட முந்தானை அந்தச் சொல். படம் அதை உருவி எறிந்தது. வன்கொடுமை ஒன்றுக்குப் பலமுறை திரையில் வந்தது. ஊர்க் கிணற்றடிக்கு நிர்வாணமாக நடத்திச் செல்லப்படும் காட்சியும் வந்தது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறார், வெளியே வந்து தெருவில் நடக்கப்போகிறார் என்று தெரிந்தே எடுக்கப்பட்ட காட்சிகள் அவை.

பூலன் தடை கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உயிரோடிருக்கும் ஒரு பெண் பட்ட வன்கொடுமையை அவர் சம்மதம் இல்லாமல் மறுபடி அரங்கேற்ற யாருக்கு உரிமை என்று அருந்ததி ராய் அப்போது எழுதினார். கடைசியில், படத்துக்குப் பணம் போட்ட பிரிட்டிஷ் தொலைக்காட்சியான சேனல் 4 நிறுவனம் 40,000 பவுண்டு கொடுத்துச் சமரசம் ஆனது. அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 1996 மே மாதம் இந்தப் படம் பற்றி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் தணிக்கை வழக்குகளில் மேற்கோளாக வருகிறது. அந்த வழக்கைத் தொடுத்தவர் பூலன் இல்லை. தன் சமூகத்தைப் படம் இழிவுபடுத்துகிறது என்று சொன்ன குஜ்ஜர் ஒருவர். நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. அந்தக் காட்சிகள் பார்ப்பவரிடம் இச்சையைக் கிளப்பாது, பாதிக்கப்பட்டவர் மேல் இரக்கத்தையும் செய்தவர்கள் மேல் அருவருப்பையும்தான் கிளப்பும் என்றது. கலையைப் பற்றிய தீர்ப்பாக அது சரியானதே. ஆனால் பார்ப்பவருக்கு என்ன ஆகும், ஒரு சமூகத்துக்கு என்ன ஆகும் என்பவைதான் அங்கே நிறுக்கப்பட்டன. காட்டப்பட்டவருக்கு என்ன ஆகும் என்பது தராசில் ஏறவே இல்லை.

இத்தனைக்கும் இந்தப் படத்தின் மீது உள்ள பெரிய குறை, நடந்ததை மாற்றியது என்பதல்ல. நடந்ததை அப்படியே காட்டிவிட்டோம் என்பதுதான் அதன் பெருமை. நடந்ததுதானே என்ற ஒரு சொல் எதையும் காட்ட உரிமைச் சீட்டு ஆகிவிடாது.

செத்தவருக்கும் பேனா கிடையாது. ஜேம்ஸ் கேமரூனின் 'டைட்டானிக்' (1997) படத்தில் கப்பலின் முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் பணக்காரரிடம் லஞ்சம் வாங்குகிறார், முண்டியடிக்கும் பயணிகளைச் சுடுகிறார், பிறகு தன்னையே சுட்டுக்கொள்கிறார். கப்பல் மூழ்கிய இரவில் ஏதோ ஓர் அதிகாரி சுட்டார் என்று தப்பி வந்தவர்கள் சிலர் சொன்னது உண்மை. அது மர்டாக்தான் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. பெயர் சொல்லாமல் 'ஓர் அதிகாரி' என்று விட்டிருந்தால் காட்சியின் வேகம் ஒரு துளியும் குறைந்திருக்காது. மர்டாக்கின் சொந்த ஊர் ஸ்காட்லாந்திலுள்ள டால்பீட்டி. அங்கே அவர் வீரர், பள்ளியில் அவர் பெயரில் பரிசு உண்டு. ஊர் கொதித்தது. 1998இல் படநிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவர் அங்கே போய், மர்டாக்கின் வயதான உறவினரிடம் வருத்தம் தெரிவித்து, பள்ளிப் பரிசு நிதிக்கு 5,000 பவுண்டு கொடுத்தார். நூறு கோடி டாலரைத் தாண்டி வசூலித்த படம் அது. தொகையைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். ஆனாலும் ஒருவர் நேரில் போனார் என்பது இந்தத் தொழிலில் அபூர்வம். படத்திலுள்ள காட்சி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

நம் பக்கத்துக் கதை இதைவிடச் சிக்கலானது. 1993இல் விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளியைத் திருட்டுப் பட்டம் கட்டிப் பிடித்துப்போய்க் காவலில் கொன்றார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று கணக்கு எழுதினார்கள். அவர் மனைவிக்காக ஆட்கொணர்வு மனு போட்டு உண்மையைத் தோண்டியெடுத்தவர் அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு. த.செ. ஞானவேல் இயக்கி 2021 நவம்பரில் வந்த 'ஜெய் பீம்' இந்தக் கதைதான். நல்ல படம். காவல் நிலையத்தின் உட்சுவரை இவ்வளவு பேரின் வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்த தமிழ்ப் படங்கள் கொஞ்சமே.

படத்தில் வழக்கறிஞரின் பெயர் மாறவில்லை. செத்தவரின் பெயரும் கிட்டத்தட்ட மாறவில்லை. ஆனால் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணு படத்தில் இருளர் ஆகிவிட்டார். இருளர்கள் மீது பொய் வழக்குப் போடுவது வெறும் கற்பனை இல்லை. பல வழக்குகளைச் சேர்த்துச் சொல்லும் நோக்கம் நேர்மையானதாகவே இருக்கலாம். அதே படத்தில் கொடுமைக்கார போலீஸ்காரர் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் சில நொடிகள் தெரிந்தது. அதிலிருந்த அக்கினிக் குண்டம் எங்கள் சின்னம் என்று வன்னியர் தரப்பில் எதிர்ப்பு வந்தது. சில நாட்களுக்குள் காலண்டர் மாறிவிட்டது, ஓ.டி.டி.யில் அது ஒரு கோப்பை மாற்றுகிற வேலைதான். அதற்குப் பிறகும் வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது, இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். அந்தச் சமூகத்தாரின் மனக்குறை நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. குறவர்களும் தங்கள் வருத்தத்தைச் சொன்னார்கள். எண்ணிக்கை உள்ளவர்களுக்குச் சுவரில் தொங்கிய காலண்டர் மாறியது. எண்ணிக்கை இல்லாதவர்களுக்கு, செத்தவரின் இனமே மாறியிருந்தும் எதுவும் மாறவில்லை.

பணம் போன வழியையும் பார்க்கலாம். படம் வெளியாவதற்கு முந்தைய நாளே, இருளர் கல்விக்காக 1 கோடி ரூபாய்க் காசோலை முதல்வர் முன்னிலையில் தரப்பட்டது. ராசாக்கண்ணுவின் மனைவி வறுமையில் இருப்பது படம் வந்த பிறகு செய்தியாகி, மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர், படத்தின் நாயகனும் தயாரிப்பாளருமான நடிகர் சூர்யாவுக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் அவர் பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவிக்கப்பட்டது. கொடுத்தவரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. எந்தச் சட்டமும் கேட்காததை அவர் கொடுத்தார். ஆனால் திரைக்கதையில் ஒரு சொல் மாறியதும் கடனின் முகவரியும் மாறிப்போய், தபால் ஊர் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கே தெரிகிற அளவுகோல் இதுதான். மாற்றுவதா கூடாதா, காட்டுவதா கூடாதா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. மாற்றப்படுகிறவரால் திருப்பிப் பேச முடியுமா? முடிந்தால் கலைஞர் எவ்வளவு தூரமும் போகலாம். முடியாது என்றால் அவர் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் அவரே பொறுப்பு. கொன்ற காவலரின் பெயரை மாற்றுவது ஒன்று, கொல்லப்பட்டவரின் இனத்தை மாற்றுவது வேறொன்று. இரண்டையும் 'கலைச் சுதந்திரம்' என்ற ஒரே உறையில் போட்டு ஒட்ட முடியாது.

அப்படியானால் எளியவர் கதையில் கை வைக்கவே கூடாதா என்றால், வெற்றிமாறனின் 'விசாரணை' இருக்கிறது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், இளைஞராக குண்டூரில் வேலை பார்த்தபோது பொய்க் குற்றத்துக்காக லாக்கப்பில் பட்டதை 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார். படத்தின் முதல் பாதி அது. இரண்டாம் பாதி இயக்குநர் சேர்த்தது. அதன் முடிவில் அந்த இளைஞர்களில் சிலர் கொல்லப்படுகிறார்கள். உயிரோடு திரும்பி வந்து, உட்கார்ந்து எழுதியவரின் கதையைப் படம் சாவில் கொண்டுபோய் முடித்துவிடுகிறது! இதைவிடப் பெரிய மாற்றம் என்ன இருக்க முடியும்? ஆனாலும் அது உறுத்துவதில்லை. அவர் கதையை அவரே தன் பெயரில் ஏற்கெனவே சொல்லிவிட்டார், புத்தகம் கடையில் கிடைக்கிறது, படத்தின் எழுத்திலும் அவர் பெயர் இருக்கிறது. வாயைத் திறந்தவரின் கதையை நீட்டுவது, வாயில்லாதவரின் கதையைத் திருத்துவதுபோல ஆகாது.

அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'க்ளோஸ்-அப்' (1990) இந்தக் கேள்வியை வேறெந்தப் படமும் போகாத தூரத்துக்குக் கொண்டுபோகிறது. டெஹ்ரானில் ஹுசைன் சப்ஸியான் என்ற ஏழை, தான்தான் பிரபல இயக்குநர் மொஹ்சென் மக்மல்பாஃப் என்று ஒரு குடும்பத்தை நம்பவைத்து, பிடிபட்டு, நீதிமன்றத்தில் நிற்கிறார். படத்தில் சப்ஸியானாக நடித்தவர் சப்ஸியான். ஏமாந்த குடும்பமாக நடித்தது ஏமாந்த குடும்பம். கடைசியில் சிறையிலிருந்து வெளியே வரும் அவரை அழைத்துப்போக நிஜ மக்மல்பாஃப் வருகிறார். பார்த்ததும் சப்ஸியான் உடைந்து அழுகிறார். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில், நடுவில் பூத்தொட்டியோடு, அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போகிறார்கள். கேமரா சற்றுத் தள்ளி ஒரு வண்டியிலிருந்து அவர்களைத் தொடர்கிறது. பார்க்கிறவர் காதைத் தீட்டிக்கொள்ளும் அந்த நேரத்தில் ஒலி அறுந்து அறுந்து போகிறது. மைக் பழசு, வயர் விட்டுப்போகிறது என்று படக்குழு சலித்துக்கொள்வது கேட்கிறது. மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒலியை அறுத்தது தானே என்று பின்னாளில் கியாரொஸ்தமி சொன்னார். எல்லோரும் தாமாகவே நடித்த, அவ்வளவு உண்மையான ஒரு படத்தில் துணிந்து வைத்த ஒரு பொய். அழுதுகொண்டே அந்த எளிய மனிதர் தான் ஆராதித்தவரிடம் வழிநெடுக என்ன பேசினார் என்பது இன்றுவரை படம் பார்த்த எவருக்கும் தெரியாது.