வெயிலும் வினையும்



உடம்பெடுத்த உயிர்களை வருத்தும் துன்பங்களை நூலோர் மூவகையாகப் பகுத்துரைப்பர். தன் உடல் உளங்களினின்று எழுவன ஒருவகை. பிற உயிர்களால் நேர்வன ஒருவகை. தெய்வச் செயலாய் வந்து பொருந்துவன மற்றொருவகை. கோடையின் வெம்மையும் பனிக்காலத்துத் தண்மையும் இம்மூன்றாவதன்பாற் படும். ஞாயிறு அரசனையும் ஆண்டியையும் ஒப்பவே காயும் என்று மேடைதோறும் கூறக் கேட்கின்றோம். அது பாதி மெய்யே. ஞாயிறு ஒன்றாயினும், அதன் வெயில் எல்லார்மேலும் ஒரே அளவாக விழுவதில்லை. நிழல் உடையார்க்கு அது பருவம். நிழல் இல்லார்க்கு அது நோய்.

இதனை யாம் நன்கு உணர்ந்தது சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டியில், ஒரு கோடைநாட் சொற்பொழிவின்பொருட்டுச் சென்றிருந்தபொழுது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குமலைத் தொடர் தன் மேல்பாலே நிறுத்திக்கொள்கின்றமையின், கீழ்பாலுள்ள அக்கரிசல் நிலம் பெரும்பான்மையும் வறண்டு கிடக்கும். அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்டு, 1923ஆம் ஆண்டளவில் அதனைச் சிவகாசியில் நிறுவினர். பின்னர் அது பட்டாசுத் தொழிலாகவும் விரிந்தது. இவ்விரிவுக்கு அவ்வறட்சியே துணையாயிற்று. குச்சியும் மருந்தும் விரைந்து உலர்தல் வேண்டுமன்றோ? பிறர் அஞ்சும் வெயில் அவ்வூரார்க்குச் சோறு தருவதாயிற்று.

அச்சோற்றின் விலை பெரிது. வெடிமருந்து கலக்கும் அறையில், மின்பொறிக்கு அஞ்சி, விசிறி சுழல விடுவதில்லை. உராய்வால் உடம்பில் மின்னெழும் என்று செயற்கை நூலாடையை விலக்கிப் பருத்தியே உடுத்தல் வேண்டும். செம்புத் தகட்டைத் தொட்டு அம்மின்னை நிலத்தில் இறக்கியே உள்ளே புகுதல் வேண்டும். கலந்த மருந்தை மிச்சம் வைப்பின், ஈரம் புகுந்து அது தானே சூடேறிப் பற்றும். ஆகலின், கோடையின் வெம்மையே யன்றி மாரியின் ஈரமும் அவர்க்குப் பகையாம். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த விபத்தில் 35க்கு மேற்பட்டோர் மாண்டதனை அவ்வட்டாரத்தார் இன்றும் சொல்லி வருந்துவர். நமக்கு வெயில் மிகின் சாளரம் திறப்போம், விசிறியை முடுக்குவோம், சற்றே படுப்போம். இவற்றுள் ஒன்றும் அவர்க்குக் கைகூடுவதன்று.

சொற்பொழிவு முடிந்தபின் முதியவர் ஒருவர் எழுந்தார். சாத்திரம் ஓரளவு கற்றவர். ஏளனமாக வினவியவரும் அல்லர். "ஐயா, உச்சிவேளையில் கொதிக்கும் கூரையின்கீழ் இருந்து வேலை செய்பவள் தன் வினையைத்தானே நுகர்கின்றாள்? இறைவன் ஊட்டுவதை நாம் இடைபுகுந்து தடுக்கலாமா?" என்றார்.

வினா எளிதன்று. நுகர்வினை நுகர்ந்தே கழியும் என்பது நம் சித்தாந்தத் துணிபு. ஆயினும் வினை சடம். அது தானே சென்று எவரையும் பற்றாது. முதல்வனே உயிர்க்கு அதனைக் கூட்டுகின்றான். எவ்வுயிர்க்கு எவ்வளவு, எப்பொழுது முடிவு என்பது அவன் அறிவானன்றி நாம் அறியோம். அவளுடைய வெம்மை இன்று உச்சிப்பொழுதோடு தீர்தற்குரியது என்பதும், அது தீர்தற்குக் கருவி நாம் கொடுக்கும் ஒரு குவளை நீரே என்பதும் அவன் திருவுள்ளமாயின், கொடாது நின்ற நாமே அவன் ஊட்டும் முறைக்குத் தடையாவோம். அதுவுமன்றி, கொடாமை நமக்கு ஏறுவினையாய் வந்து சேரும். வினை என்னும் சொல் ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்குக் கருவியாக அருளப்பட்டது. பிறர் துன்பத்தைக் கண்டும் காணாது செல்லுதற்கு அதனை ஆள்வது, மருந்தை நஞ்சாக்குதல் போலும்.

இவ்விடை எம் கற்பனையன்று. திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், இந்நாளைத் திருச்செங்கோட்டில், எழுந்தருளியிருந்த பனிக்காலத்து, உடன்வந்த அடியாரைக் குளிர்சுரம் பற்றியது. அந்நோய் அந்நிலத்தின் இயல்பு என்பது பிள்ளையாரும் அறிந்ததே. அறிந்தும் அவர் வாளா இருந்திலர். ஆங்கு எழுந்தது திருநீலகண்டத் திருப்பதிகம். அதன் தொடக்கமே முதியவர் வினாவிற்கு விடையாதலை நோக்குக: இத்துன்பம் அவ்வினையின் பயன் என்று பேசிக்கொண்டே அதனினின்றும் பிழைக்கும் வழியை நாடாதிருத்தல் குற்றமன்றோ என்று அஃது இடித்துரைக்கின்றது. வினையை மறுத்தாரல்லர் பிள்ளையார்; வினையைச் சாக்காக்கி வாளா இருத்தலையே மறுத்தார். நோய் நீங்கியது அடியார்க்கு மட்டுமன்று, அந்நாட்டார்க்கும் என்பர்.

திருநாவுக்கரசர் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். நீற்றறையில் 7 நாள் இருந்தும் அவரை வெம்மை தீண்டவில்லை என்பதனை நாம் எத்தனை முறை விரித்துரைக்கின்றோம்! அவரே திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் நீர்வேட்கையாலும் இளைத்த வரலாற்றை அத்துணை விரிப்பதில்லை. நீற்றறையைக் குளிர்வித்த பெருமான் அவ்வழியில் அவரை 'பொறு' என்று விட்டிலன். சோலையும் குளமும் உண்டாக்கி, முதிய அந்தணனாய்ப் பொதிசோறு ஏந்திக் காத்திருந்தான். பட்டீச்சரத்தில் வெயிலில் வந்த பிள்ளையார்க்கு முத்துப்பந்தர் அருளியவனும் அவனே. ஐந்தழல் நடுவண் நின்று தவஞ்செய்வார் உளரேயெனின், அவர் விரும்பி ஏற்றனர். கூலியின்பொருட்டு நிற்பவரது வெம்மையைத் தவம் என்று புகழ்தல் நமக்கு அழகன்று.

கோடையில் சிவலிங்கத் திருமேனிக்குமேல் தாராபாத்திரம் தூக்கித் துளிதுளியாக நீர் விழச் செய்கின்றோம். அருவிச் சாரலில் எழுந்தருளிய குற்றாலநாதருக்குச் சுக்குக் கஷாயம் நிவேதித்து மூலிகைத் தைலம் சாத்துகின்றோம். எல்லாங் கடந்தவனுக்கு வெப்பமும் குளிரும் ஏது என்று எவரும் வினவுவதில்லை. வினவவும் வேண்டா, அஃது அன்பின் செயல். நடமாடும் கோயில்களாகிய மக்களிடத்து மட்டும் நமக்குச் சாத்திர ஐயங்கள் எழுதல் வியப்பே.

செய்யத்தக்கன அரியன அல்ல. நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலிற் செய்யும் வேலையை நிறுத்தி, விடியலில் தொடங்குதல் ஆலையுடையார் கையில் உள்ளது. குடமுழுக்குக்கு வாரி வழங்கும் அவர்க்கு இஃது ஒரு பொருளன்று. உப்பிட்ட மோரும் நீராகாரமும் கம்பங்கூழும், வியர்வையில் இழந்த நீரையும் உப்பையும் மீட்டுத் தரும். உடல் வெம்மை 40 பாகை செல்சியசுக்கு மேலேறிப் பேச்சுத் தடுமாறினும் நினைவு தப்பினும், உடனே நிழலிற் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றலாகாது, அது மூச்சுக்குழலிற் புகும். தமிழ்நாட்டரசு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தார் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் வழங்க விதித்தது. இறந்தபின் வருவது அது. இறவாமுன் வரவேண்டுவது தண்ணீர்.

திங்களூர் அப்பூதியடிகள் நாவுக்கரசரைக் கண்ணாற் காணுமுன்னரே, வழிப்போவார்க்குத் தண்ணீர்ப்பந்தர் அமைத்து அதற்கு அவர் பெயரையே இட்டார். தீயில் வேவாதவரது பெயர், வெயிலில் வேவாரைக் காக்கும் நிழலுக்கு ஆயிற்று. நாவுக்கரசரின் குருபூசையோ சித்திரைச் சதயத்தில் வருகின்றது. சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை எண்ணப்படும் அக்கினி நட்சத்திரக் காலத்தை ஒட்டிய நாள் அது. அந்நாளில் மடங்களில் மாகேசுவர பூசை நிகழ்வதுபோலவே, தொழிலாளர் பேருந்து வந்து நிற்கும் சந்திகளில் ஒவ்வொரு பந்தல் எழுதல் வேண்டும் என்று மடாதிபதிகளையும் திருக்கூட்டத்தாரையும் வேண்டுகின்றோம். மண்பானைகளை நனைத்த மணலில் இருத்துக, ஈரத்துணி சுற்றுக, வைகாசி 14 கழியும்வரை ஒருநாளும் பானை வறிதாதல் கூடாது. முகப்பில் உபயகாரர் பெயர் எழுதவேண்டா. திருநாவுக்கரசு என்று எழுதினாற் போதும்.